பூட்டுனேன், திட்டல

"சொல்லாததச் சொன்னேன்னு எந்த வாயால ஒத்துக்கிறதாம்?"

ஒத்தப்பனைக்குளம் பெத்தம்மா ஏழு வருசமா விடிஞ்சா எந்திரிச்சா இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. வாசத் தெளிக்கும்போது ஒருக்கா. ஆட்டுக்குக் கொழை ஒடிச்சுப் போடும்போது ஒருக்கா. சோறு வடிக்கும்போது இன்னொருக்கா. எதிர்ல ஆளு இருக்கா இல்லையான்னெல்லாம் பாக்குறதில்ல. மொத வருசம் தெருவுல நாலு பேரு நின்னு, "ஆமா மதினி, ஞாயந்தான்"னு கேட்டாளுக. ரெண்டாவது வருசம், "இந்தா ஆரம்பிச்சிட்டால்ல"ன்னு கதவச் சாத்துனாளுக. கடைசியில ஆடுதான் கேட்டுச்சு. அதுக்கு வேற வழி இல்ல, கட்டிப் போட்டிருக்கு.

பெத்தம்மாவுக்கு அறுவத்தி மூணு வயசு. புருசன் போயிப் பதினாறு வருசம் ஆச்சு. ஒரே மக பிரவீணா, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கா. பெத்தம்மா பெரிய உத்தமின்னு நெனச்சுக்கிற வேண்டாம். கோவக்காரி. கொழம்புல உப்பு கொறைச்சலா இருக்குன்னு சொன்னதுக்காகச் சம்பந்தகாரியோட ரெண்டு வருசம் பேசாம இருந்தவ. நாயே, பேயே, வெளங்காமூதின்னு வாய் நெறையத் திட்டுவா. ஆனா ஆத்தாள அக்காளச் சேத்து இழுத்துப் பேசுற பழக்கம் மட்டும் அவகிட்டக் கெடையாது. அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. காரணத்துக்குப் பேரு சங்கரம்மா.

பெத்தம்மாவும் சங்கரம்மாவும் ஒரே தை மாசம் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவளுக. திருச்சுழிப் பக்கம் மழ பேஞ்சா மல்லி வெதைக்கலாம், பேயலேன்னா வேலிக்கருவதான். அத வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுற எடத்துல ரெண்டு பேரும் ஒண்ணா வேல பாத்தாளுக. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ரெண்டு மொகமும் ஒண்ணுபோல கருத்திருக்கும், யாரு எவள்னு பிள்ளைகளுக்கே தெரியாது. சங்கரம்மா புருசன், மகன் காளீஸ்வரனுக்கு மூணு வயசா இருக்கும்போது கேரளாவுக்கு வேலைக்குப் போறேன்னு போனவன், திரும்பி வரல. புருசன் இல்லாத பொம்பள, சம்பாதிக்கிறா, நல்ல சீல கட்டுறா. ஊரு சும்மா இருக்குமா? ஒரு வார்த்தை சொன்னாக. என்ன வார்த்தைன்னு எழுத வேண்டியதில்ல, எல்லா ஊருலயும் அதே வார்த்தைதான். தண்ணிக் கொழாயில ஒருத்தி அந்த வார்த்தைய சங்கரம்மா காதுபடச் சொன்னா. பெத்தம்மா பிடிச்சு வச்சிருந்த கொடத்துத் தண்ணிய அப்பிடியே தூக்கி அவ தலையில ஊத்துனா. கோடை காலத்துல ஒரு கொடம் தண்ணிய வீணடிச்சான்னா அவ கோவம் எம்புட்டுன்னு பாத்துக்கங்க. அதுக்கப்புறம் பெத்தம்மா இருக்கிற எடத்துல அந்த வார்த்தைய யாரும் எடுத்ததில்ல.

சங்கரம்மாவுக்குக் கிட்னி போச்சு. எட்டு மாசம், வாரத்துல ரெண்டு நாளு, பெத்தம்மாதான் பஸ்ஸு ஏத்தி மதுரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தா. அவ செத்த பெறகு காளீஸ்வரன் சாப்பிட்டது பெத்தம்மா வீட்டுலதான். அவனுக்குப் பஞ்சாயத்துல மோட்டாரு போடுற வேல கெடைச்சுச்சு. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தணும், தெருத்தெருவா வால்வு தொறந்து விடணும், அதான் வேல.

ரெண்டாயிரத்துப் பதினெட்டு சித்திரை. பதினோரு நாளு பெத்தம்மா தெருவுக்குத் தண்ணி வரல. மோட்டாரு ரிப்பேரு, ஒயரு போச்சு, கரண்டு இல்லன்னு நாளுக்கு ஒண்ணாச் சொல்லிக்கிட்டு இருந்தான் காளீஸ்வரன். பன்னெண்டாவது நாளு ஏழு பொம்பளைக கொடத்தத் தூக்கிட்டு மோட்டாரு ரூமுக்கே போயிட்டாளுக. உள்ள போயிப் பாத்தா மோட்டாரு நல்லாத்தான் இருக்கு, இவன் கீழ துண்ட விரிச்சு செல்லுல படம் பாத்துக்கிட்டு இருக்கான்.

"ஏலே, என்னல இது?"ன்னா தங்கமாரி. இவ பெத்தம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரி.

"நாளைக்கு விடுறேன் சித்தி, இன்னைக்கு மேலத் தெருவு மொற."

"நேத்தும் மேலத் தெருவுதானல? மேலத் தெருவுல ஒனக்குப் பொண்ணு பாத்திருக்காகளா?"

எல்லாரும் சிரிச்சாளுக. பெத்தம்மா சிரிக்கல. இடுப்புல ஆட்டுக் கொட்டத்துப் பூட்டு சொருகியிருந்துச்சு. கதவ இழுத்துச் சாத்துனா, பூட்டுனா, சாவிய முந்தானையில முடிஞ்சா. "தண்ணி வந்தாத்தான் கதவு தொறக்கும்"னுட்டா.

அவன் உள்ள இருந்தது ரெண்டரை மணி நேரம். வெயிலு நேரம். ஒரு மணி நேரம் போனதும் பெத்தம்மா மனசு கேக்காம வீட்டுக்கு ஓடி, தூக்குவாளியில கம்மங்கூழும் நாலு வெங்காயமும் கொண்டாந்து சன்னல் கம்பி வழியா ஒரு செம்புல ஊத்திக் குடுத்தா. அவனும் குடிச்சான். குடிச்சிட்டு மோட்டாரப் போட்டான். தண்ணி வந்துச்சு, கதவு தொறந்துச்சு. அதோட முடிஞ்சிருக்கணும்.

முடியல. பஞ்சாயத்துல மேல இருக்கிறவுகளுக்கு விசயம் போயிருச்சு. "கேஸு குடு, இல்லைன்னா வேலைய விட்டு நின்னுக்க. நாளைக்கு ஆளாளுக்குப் பூட்டுவாளுக"ன்னு அவன முடுக்கியிருக்காக. ஸ்டேஷனுக்குப் போனான். அங்க எழுதுறவுக எழுதுனாக, இவன் கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கல. ஒரு பேப்பர வாங்கி வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டா மரியாதைக் கொறவுன்னு நெனைக்கிற ஆம்பளைக எங்க பக்கம் நெறைய.

கோர்ட்டுல இருந்து ஏழு பேருக்கும் சம்மன் வந்துச்சு. ஏழு பேரும் சேந்து போனாளுக. ஆளுக்கு ஒரு கட்டுக் காயிதம் குடுத்தாக. இலவசமா வாதாட ஹாரிஸ்னு ஒரு சின்ன வயசு வக்கீலப் போட்டாக. அருப்புக்கோட்டைக்காரரு, தங்கமான பிள்ள. வேப்ப மரத்தடியில நிக்க வச்சு வாசிச்சுச் சொன்னாரு. ஏழு பேரும் சேந்து வந்தாங்க, அறையில போட்டுப் பூட்டுனாங்க, அப்பிடின்னு வாசிச்சிட்டே வந்தவரு ஒரு எடத்துல நிப்பாட்டிட்டாரு.

"வாசிங்க தம்பி"ன்னா பெத்தம்மா.

"வேண்டாம்மா. திட்டுனதா எழுதியிருக்காங்க. எல்லாக் கேஸுலயும் எழுதுறதுதான்."

"எம்மேல போட்ட கேஸு, நான் கேக்கக் கூடாதா? வாசிங்க."

அவரு குரலத் தணிச்சு வாசிச்சாரு. முதல் எதிரி பெத்தம்மாள் என்பவர், காளீஸ்வரனின் தாயாரைக் குறிப்பிட்டு, இன்ன இன்ன வார்த்தைகளால் பொது இடத்தில் சத்தமாகத் திட்டினார். மற்றவர்களும் சேர்ந்து திட்டினார்கள். நாலு வார்த்தை. அதுல ரெண்டாவது, அந்த வார்த்தை.

ஆறு பொம்பளைகளும் முந்தானைய வாயில வச்சுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாளுக. "ஏத்தா, வக்கீலு வாயில இருந்து வருது பாரு"ன்னா ஒருத்தி. பெத்தம்மாவுக்கு மொகம் செத்துப் போச்சு. எந்த வார்த்தைக்காக ஒரு கொடம் தண்ணிய ஊத்துனாளோ, அந்த வார்த்தைய, செத்துப் போன சங்கரம்மாவ, இவ சொன்னதா இவ பேரப் போட்டு எழுதி, சர்க்காரு முத்திரையும் குத்தி வச்சிருக்கு.

"இது நான் சொல்லல தம்பி."

"தெரியும்மா. அது ஒரு மாதிரிப் பாடம். யாரு யாரத் திட்டுனாலும் அதே நாலு வார்த்தையத்தான் எழுதுவாங்க. சட்டத்துல அப்பிடி ஒரு பிரிவு இருக்கு. வெள்ளக்காரன் காலத்துச் சட்டம், ஆயிரத்து எண்ணூத்துச் சொச்சத்துல எழுதுனது. பொது எடத்துல கெட்ட வார்த்தை பேசுனா மூணு மாசம், இல்ல ஃபைன்."

"அந்த வெள்ளக்காரன் பொண்டாட்டிய எவளோ கொழாயடியில திட்டியிருப்பா போல"ன்னா தங்கமாரி. மறுபடியும் சிரிப்பு.

ஹாரிஸ் வெவரமாச் சொன்னாரு. ஜட்ஜம்மா கேக்கும்போது குத்தத்த ஒத்துக்கிட்டா அன்னைக்கே ஃபைனக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிறலாம். மறுத்தா கேஸு நடக்கும், வாய்தா வாய்தாவா வரணும், வருசம் ஆகும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாளு கூலி போகும். ஆறு பேரும் ஒரே குரல்ல, "ஒத்துக்கிருவோம்"னுட்டாளுக. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அடுப்பு எரியணும்ல.

அந்த நாளும் வந்துச்சு. வரிசையா நிக்க வச்சாக. செருப்பக் கழட்டச் சொன்னாக. ஜட்ஜம்மா ஒவ்வொருத்தியாக் கேட்டாக. "ஒத்துக்கிறேங்கம்மா." "ஒத்துக்கிறேங்கம்மா." பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்ட மாதிரி முடிஞ்சுச்சு. மொத எதிரியா இருந்தும் வரிசையில கடைசியா நின்னது பெத்தம்மா.

"பெத்தம்மாள், காளீஸ்வரனை அறையில் அடைத்து வைத்ததாகவும் ஆபாசமாகத் திட்டியதாகவும் உங்க மேல குற்றச்சாட்டு. ஒப்புக்கிறீங்களா?"

"பூட்டுனேங்கம்மா. திட்டல."

ஜட்ஜம்மா பேனாவ வச்சிட்டு நிமுந்து பாத்தாக. ஹாரிஸ் பின்னால இருந்து மெதுவா, "அம்மா, மொத்தமா மறுத்துருங்க, இல்ல மொத்தமா ஒத்துக்கங்க"ன்னாரு.

"அதெப்பிடி தம்பி? பூட்டுனது நெசம். என் ஆட்டுக் கொட்டத்துப் பூட்டு. அதுக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும். திட்டுனது பொய்யி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பச் சொன்னா எப்பிடி?"

கோர்ட்டே சிரிச்சுச்சு. ஜட்ஜம்மா சிரிக்கல. "அவங்க சொன்னபடியே பதிஞ்சுக்கங்க"ன்னாக. பூட்டுனதுக்குத் தண்டனை அன்னைக்கே. திட்டுனதுக்கு விசாரணை.

ஏழு பேருக்கும் ஃபைன், அதோட கோர்ட்டு கலையிற வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கணும். அதுவும் ஜெயில் தண்டனைதானாம், வெள்ளக்காரன் வச்ச மொற. சாயங்காலம் ஜட்ஜம்மா எந்திரிச்சுப் போற வரைக்கும் ஏழு பேரும் பின்னால பெஞ்சுல உக்காந்திருந்தாளுக. ஒருத்தி கொண்டாந்த காராச்சேவ முந்தானைக்குள்ள மறைச்சு வச்சுத் தின்னாளுக. தங்கமாரி, "ஜெயிலு இம்புட்டுக் குளுகுளுன்னு இருக்குமா, தெரிஞ்சிருந்தா முன்னாலயே பூட்டியிருக்கலாமே"ன்னா. பெத்தம்மாவும் சிரிச்சா. அந்தக் கேஸுல அவ துணைக்கு ஆளோட உக்காந்திருந்தது அன்னைக்கு ஒரு நாளுதான்.

அடுத்த வாய்தாவுக்கு அவ மட்டும் பஸ்ஸு ஏறுனா.

கோர்ட்டு வராண்டாவுல ஒரு தூணு. அதுதான் அவ எடம். காலையில பத்து மணிக்கு வந்து அந்தத் தூணுல சாஞ்சு நிப்பா. டவாலி வெளிய வந்து, வெள்ளை உடுப்பும் செவப்புப் பட்டையுமா, தொண்டையச் செருமிட்டுக் கூப்பிடுவாரு. "பெத்தம்மாள்! பெத்தம்மாள்! பெத்தம்மாள்!" மூணு தடவ. மொதத் தடவையே எதுக்க நின்னாலும் மூணு தடவ கூப்பிட்டுத்தான் ஆகணும், அது சட்டம். ஓடிப் போயி கூண்டு பக்கத்துல நிப்பா. "சாட்சி வரலையா? அடுத்த வாய்தா." அம்புட்டுத்தான். அரை நிமிசம். மறுபடியும் பஸ்ஸு.

ஒரு நாளு டவாலிகிட்டயே கேட்டா. "ஏன்யா, பக்கத்துலதான நிக்கேன், எதுக்குத் தொண்டத் தண்ணி வத்தக் கத்துறீரு?"

"மொற அப்பிடிம்மா."

"கத்தும். எம்பேரச் சொல்லி வேற எவன் கூப்பிடப் போறான்."

அது வெளையாட்டுக்குச் சொன்னதில்ல. தெருவுல அவள மதினிம்பாக, பெரியம்மாம்பாக, இப்ப கொஞ்ச நாளா ஒண்ணுமே சொல்றதில்ல. பேரு முழுசா, ரோடு வரைக்கும் கேக்குற மாதிரி வந்தது அந்த வராண்டாவுலதான்.

நடுவுல கொரோனா வந்துச்சு, ரெண்டு வருசம் அதுல போச்சு. ஒரு தடவ காச்சல்ல படுத்து வாய்தாவுக்குப் போகல, வாரண்டு வந்துருச்சு. ரெண்டு போலீஸு வீட்டு வாசல்ல நின்னாக. தெருவே கதவு இடுக்குல நின்னு பாத்துச்சு, ஒருத்தியும் வெளிய வரல. பிரவீணா போன்ல கத்துனா. "எம்மா, ஒனக்கு என்னம்மா வேணும்? ஒத்துக்கிட்டு வந்து தொலையேன். இங்க என் மாமியா வீட்டுல, ஒங்கம்மா மேல கேஸாமேன்னு கேக்காக."

"கேஸு இருக்குன்னு சொல்லு. இருக்குல்ல."

"சங்கரம்மா பெரியம்மா செத்து வருசம் எத்தன ஆச்சு? அவுகளா வந்து கேக்கப் போறாக?"

"அவ வரமாட்டாடி. அதான் நான் போறேன்."

இதுல சங்கடம் என்னன்னா, காளீஸ்வரன் வீட்டுக்கு வாரத நிப்பாட்டிட்டான். கேஸு குடுத்தவன் எந்த மொகத்த வச்சுக்கிட்டு வருவான்? தண்ணி வேலைய விட்டுட்டுக் காரியாபட்டியில லோடு வண்டி ஓட்டப் போயிட்டான். பெத்தம்மா மனசுக்குள்ள ஒரே கேள்விதான். அந்த வார்த்தைய நான் சொன்னேன்னு இவன் நெசமாவே நம்புறானா? மூணு தடவ சம்மன் போச்சு, அவன் வரல. சட்டம் மாறிருச்சுன்னு டிவியில சொன்னாக, பேரே மாறிப் போச்சுன்னாக. பெத்தம்மா ஹாரிஸக் கேட்டா.

"தம்பி, வெள்ளக்காரன் சட்டத்தத் தூக்கிட்டாகளாமே. அப்ப என் கேஸு?"

"பழைய குத்தத்துக்குப் பழைய சட்டந்தாம்மா."

"போயும் விட மாட்டேங்கிறானே சண்டாளன்."

போன வருசம் கார்த்திகையில காளீஸ்வரன் வந்துட்டான். வராண்டாவுல அவ தூணுக்கு அடுத்து ரெண்டு தூணு தள்ளி நின்னான். மெலிஞ்சிருந்தான், முன்னால முடி கொட்டியிருந்துச்சு. பெத்தம்மா பையில தயிர்ச்சோறு இருந்துச்சு. காலு தன்னால அந்தப் பக்கம் போச்சு. ஹாரிஸ் குறுக்க வந்து கையக் காட்டுனாரு.

"அம்மா, பேசிறாதீங்க. அவரு சாட்சி. நீங்க எதிரி. பேசுனீங்கன்னா சாட்சியக் கலைச்சதாப் போயிரும்."

"சாப்பிட்டியான்னு கேக்கக் கூடாதா?"

"கேக்கக் கூடாதும்மா."

பத்து மணியில இருந்து ரெண்டே முக்கா வரைக்கும் நின்னாக. நடுவுல ரெண்டு தூணு. அவன் கீழ பாத்துக்கிட்டு நின்னான், இவ அவனையே பாத்துக்கிட்டு நின்னா. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்பவும் ரெண்டு பேரும் நகரல. ஆறு வருசமாப் பேச ஆளில்லாம கெடந்தவளுக்கு, பேச வேண்டிய ஒரே ஆளு எட்டடியில நிக்கிறப்ப வாயத் தொறக்கக் கூடாதுன்னா, அந்த மாதிரி ஒரு தண்டனைய எந்த ஜட்ஜும் எழுதல.

தயிர்ச்சோறு புளிச்சுப் போச்சு.

கூப்பிட்டாக. அவன் சாட்சிக் கூண்டுல ஏறுனான், சத்தியம் பண்ணுனான். இவ எதிரிக் கூண்டுல நின்னா. சர்க்காரு வக்கீலு பேரு, ஊரு, வேல எல்லாம் கேட்டுட்டு விசயத்துக்கு வந்தாரு. பூட்டுனாங்களா? பூட்டுனாங்க. எதிரி ஒங்களத் திட்டுனாங்களா? அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"என்ன வார்த்தை சொல்லித் திட்டுனாங்க?"

பேசல.

"புகாருல நீங்க சொன்னதுதானய்யா. ஒங்க தாயாரப் பத்தி. சொல்லுங்க."

ஜட்ஜம்மா நிமுந்து பாத்தாக. "சத்தமாச் சொல்லுங்க, பதியணும்."

அங்கதான் அவனுக்கு ஒறைச்சிருக்கு. அந்த வார்த்தைய, அம்புட்டுப் பேரு முன்னால, தன் ஆத்தாளச் சேத்து, தன் வாயால சொல்லணும். கம்பிய இறுக்கிப் பிடிச்சான். பெத்தம்மா கண்ண மூடிக்கிட்டா.

"எங்கம்மாவ அவுக அப்பிடிச் சொல்லலைங்க."

"பின்ன என்ன சொன்னாங்க?"

"'ஒங்காத்தா மட்டும் இருந்திருந்தா ஒன்னைய இந்நேரம் வெளக்குமாத்தால வெளுத்திருப்பா'ன்னாக."

கோர்ட்டுல சிரிப்பு. சாட்சியத்த எழுதிக்கிட்டு இருந்த கிளார்க்கம்மா கூடச் சிரிச்சிட்டு, பெறகு எழுதுனாக.

"அப்ப புகாருல இருக்கிறது?"

"நான் வாசிக்காமக் கையெழுத்துப் போட்டேங்க."

சர்க்காரு வக்கீலு பிறழ்சாட்சின்னு சொல்லிட்டு, மெரட்டுற மாதிரி நாலு கேள்வி கேட்டாரு. அவன் மாத்தல. ஹாரிஸ் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "பூட்டி வச்சிருந்தப்ப எதிரி ஒங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"கூழு. வெங்காயம்."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேங்க. ரெண்டு செம்பு."

அவன் எறங்கிக் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவ ஒரு ஒரு வரியா வாசிச்சுப் பாத்துட்டுப் போட்டான்னு ஹாரிஸ் பெறகு சொன்னாரு. பெத்தம்மாவுக்கு அடுத்த வாய்தாவ எழுதி வாங்குறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகிப்போச்சு. வெளிய ஓடியாந்து பாத்தா தூணுக்குப் பக்கத்துல ஆளில்ல. ரோட்டுக்குப் போயிப் பாத்தா. டீக்கடையில பாத்தா. ஒரு லோடு வண்டி பாலவனத்தம் பக்கமாப் போயிக்கிட்டு இருந்துச்சு. அது அவனா வேற எவனுமான்னு தெரியல. அவ கையத் தூக்குனா, வண்டி நிக்கல.

இந்த வருசம் மாசியில தீர்ப்பு. ஒரு நிமிசந்தான். "ஒங்க மேல சொன்ன குத்தம் நிரூபிக்கப்படல, விடுதலை"ன்னாக. பெத்தம்மா கும்பிட்டா. நகரல.

"போகலாம்மா"ன்னாக ஜட்ஜம்மா.

"எழுதியிருக்குல்லங்கம்மா? நான் சொல்லலைன்னு?"

"எழுதியிருக்கு."

"அவ பேரும் போட்டு?"

ஜட்ஜம்மாவுக்கு எவ பேருன்னு வெளங்கல. ஹாரிஸ்தான், "எழுதியிருக்கும்மா, வாங்க"ன்னு கூட்டிட்டு வந்தாரு. நகலுக்கு மனுப் போட்டு, மூணு வாரம் கழிச்சு அவரே வாங்கிக் குடுத்தாரு. ஆறு பக்கம். நீலச் சீல்.

ஜெயிச்சிட்டா, தெருவு பேசும்னு நெனச்சா. அங்கதான் தப்புக் கணக்கு. அவ விடுதலைன்ன செய்தி தெருவுக்குள்ள போகவும் தங்கமாரி இவ வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டா.

"ஏன் மதினி, நீ சொல்லலைன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. நாங்க ஆறு பேரும் ஒத்துக்கிட்டோம்ல. அப்ப சங்கரம்மாள அந்தப் பேச்சுப் பேசுனது நாங்கதான்னு ஆயிருச்சுல்ல?"

"ஒன்னைய ஒத்துக்கச் சொல்லி நானா சொன்னேன்?"

"கூட இருந்து மறுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னியா? ஒம்பாட்டுக்கு ஒம்பேர மட்டும் கழுவிக்கிட்டு வந்துட்ட."

யோசிச்சுப் பாத்தா, தங்கமாரி சொன்னதுலயும் கொஞ்சம் ஞாயம் இருக்கத்தான் செய்யுது. ஒத்துக்கிட்டது ஒத்துக்கிட்டதுதான், அத இனிமே மாத்த முடியாதுன்னு ஹாரிஸும் சொல்லிட்டாரு. அன்னையில இருந்து அந்த ஆறு வீடும் அவளோட பேசுறதில்ல. நூறு நாள் வேலையில இவ ஒரு பக்கம் மண்ணு அள்ளுவா, அவளுக ஒரு பக்கம். கொழாயில இவ கொடத்த வச்சா, எல்லாரும் கொடத்த எடுத்துக்கிட்டுத் தள்ளி நிப்பாளுக. கோர்ட்டுக்கும் போக வேண்டியதில்ல. டவாலியும் கூப்பிடறதில்ல. மொதல்ல சொன்ன பொலம்பலும் நின்னுபோச்சு, சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல. ஆட்டையும் வித்துட்டா.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. கைநாட்டுத்தான். அந்த ஆறு பக்கத்த யாருட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுவா? தெருவுல கேக்க முடியாது. பொங்கலுக்கு வர முடியாதவ சித்திரைக்கு வந்த பிரவீணாட்டக் குடுத்தா. அவ ரெண்டு வரி வாசிச்சிட்டு, "எல்லாம் சட்ட பாசையா இருக்கும்மா, விடுதலைன்னு போட்டிருக்கு, போதும்ல"ன்னு மடிச்சுக் குடுத்துட்டா. ஹாரிஸ் மதுரைக்குப் போயிட்டாரு. சங்கரம்மா பேரு எந்தப் பக்கத்துல இருக்குன்னு கூட இன்னைக்கு வரைக்கும் பெத்தம்மாவுக்குத் தெரியாது. நாலாவது பக்கத்துல, மேல இருந்து ஏழாவது வரியில இருக்கு.

அதனால கேக்குறேன். அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிக்கு பஸ்ஸு இருக்கு. எறங்கி ஒத்தப்பனைக்குளம் மினி பஸ்ஸுன்னு கேட்டா ஏத்தி விடுவாக. மோட்டாரு ரூமத் தாண்டி மூணாவது வீடு, பச்சக் கதவு. கதவத் தட்ட வேண்டாம், பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. காளீஸ்வரன், நீயும் இத வாசிச்சா போ, ஒன்னையத் தடுக்க இப்ப எந்தச் சட்டமும் இல்ல. தொடுகறி ஏதும் வாங்கிட்டுப் போக வேண்டாம், சோறு அவளே போடுவா, கொழம்புல உப்பு கொறைன்னு மட்டும் சொல்லிறாதீங்க. சாப்பிட்டு முடிச்சதும் அந்தத் தீர்ப்ப எடுத்தாரச் சொல்லுங்க. மொதப் பக்கத்துல இருந்து ஆறாம் பக்கம் வரைக்கும், ஒரு எழுத்து விடாம, பக்கத்து வீட்டுக்கும் கேக்குற மாதிரி சத்தமா வாசிச்சுச் சொல்லிட்டு வாங்க.